சார்ல்ஸ்டன் ஸ்வீட்கிராஸ் கூடை: வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்

தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரச் சந்தையில் உள்ளங்கை அகலத் தட்டு ஒன்றை எடுத்து விலை கேட்டால் 50, 60 டாலர் என்பார்கள். ரொட்டி வைக்கிற அளவுக் கூடை 100-ஐத் தாண்டும். குறுக்குக் கைப்பிடி வைத்த பெரிய கூடை பல நூறு. பேர்பெற்ற கைகள் தைத்தது ஆயிரக்கணக்கில் போகும். கேட்டதும் பலர் மெல்லக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். காய்ந்த புல்லுக்கா இவ்வளவு என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நன்றாகத் தைத்த ஸ்வீட்கிராஸ் கூடைக்கு அந்த விலை அதிகமே இல்லை. பல நேரம் குறைவு. அதே சமயம் சந்தையில் தொங்குகிற எல்லாமே நன்றாகத் தைத்தவையும் அல்ல. இரண்டையும் பிரித்தறியக் கண்ணும் விரலும் போதும்.

செய்கிறவர்கள் குல்லா மக்கள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து கரோலினாவின் நெல்வயல்களில் உழைக்க அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மேற்கு ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள். செனகல், காம்பியா, சியரா லியோன் பக்கத்து நெல் விளையும் ஊர்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். விதைப்பதும் புடைப்பதும் அவர்கள் கையோடு வந்தன, கூடையும் அப்படியே. அங்கே முதலில் செய்தது ஃபேனர் எனப்படும் அகன்ற வட்டத் தட்டு. வேலையைப் பார்த்தால் நம் சுளகுதான்: உரலில் குத்திய நெல்லை அள்ளிப் போட்டு, தூக்கித் தூக்கிப் புடைத்து, உமியைக் காற்றில் விடுவது. சுளகுக்கு ஒரு பக்கம் திறந்திருக்கும், ஃபேனருக்கு விளிம்பு சுற்றிலும் உண்டு. வயல்வேலைக் கூடைகளை ஆண்கள் முரட்டுக் கோரையில், ஓக் மரச் சிம்பு கொண்டு கட்டினார்கள். இன்று நாம் வாங்குவது வீட்டு உபயோகத்துக்காகப் பெண்கள் மெல்லிய புல்லில் வளர்த்தெடுத்த வகை.

பொருட்கள் நான்கு. ஸ்வீட்கிராஸ் என்பது கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னாலும் உப்பங்கழி ஓரத்திலும் வளரும் நீளமான, நூல்போன்ற புல். அதை அரிவாளால் அறுப்பதில்லை. குத்தின் அடியை மிதித்துக்கொண்டு, தாளைக் கையில் சுற்றி இழுத்தால் வேரை விட்டு உருவிக்கொண்டு வரும். வேர் மறுபடி தளிர்க்கும். நாலைந்து நாள் நல்ல வெயிலில் காய்ந்தால் பச்சை போய்க் கோதுமை நிறம் வரும். இரண்டாவது, புல்ரஷ் என்கிற கழிமுகக் கோரை. தடிமனானது, பழுப்பு நிறம், கூடைக்கு முதுகெலும்பு அதுதான். மூன்றாவது, லாங்லீஃப் பைன் மரத்தின் ஊசியிலை. ஒரு முழம் நீளம்கூட வரும், செம்பழுப்பு வளையங்கள் அதனால் ஆனவை. நாலாவது, இவை எல்லாவற்றையும் கட்டுகிற பால்மெட்டோ பனையின் குருத்தோலை. அதை நகத்தாலும் விரலாலும் ஒரே அகல நார்களாகக் கிழிக்கிறார்கள்.

இந்தக் கூடையைப் பின்னுகிறோம் என்று அவர்கள் சொல்வதில்லை, தைக்கிறோம் என்பார்கள். அதுதான் சரி. குறுக்கும் நெடுக்குமாக ஓலை ஓடும் முடைதல் இதில் இல்லை. ஒரு பிடிப் புல்லையோ ஊசியிலையையோ முடிச்சிட்டு, அதைச் சுற்றி ஓலைநாரை இறுக்கிச் சுற்றித் தொடங்குகிறார்கள். பிறகு புல்கற்றை அந்த முடிச்சைச் சுற்றி நத்தைச் சுருளாக வளர்கிறது. ஒவ்வொரு தையலுக்கும், போன் என்று அவர்கள் சொல்லும் கருவியால் முந்தின வரிசையில் ஒரு துளை போட்டு, ஓலைநாரின் கூர்முனையை அதில் நுழைத்து இழுக்க வேண்டும். போன் என்றால் எலும்பு; ஒருகாலத்தில் மாட்டு விலா எலும்பைத் தேய்த்துச் செய்ததால் அந்தப் பெயர். இப்போது பெரும்பாலும் தேக்கரண்டியின் காம்பை வெட்டி, முனையை அரத்தால் ராவி மழுக்கிக்கொள்கிறார்கள். முனை கூராக இருக்கக் கூடாது. கூராக இருந்தால் புல்லை விலக்காமல் வெட்டிவிடும். வெட்டுப்பட்ட வரிசை நாள்பட உதிரும்.

தைத்துக்கொண்டே கற்றைக்குள் புதுப்புல்லைச் செருகிக்கொண்டே வரவேண்டும். ஒரு தாள் தீரும் இடத்தில் இன்னொன்று. மறந்தால் வரிசை மெலியும், அதிகமானால் புடைக்கும். சுவரை எழுப்ப வேண்டுமென்றால் புது வரிசையைப் பக்கத்தில் வைக்காமல் முந்தின வரிசையின் தலைமேல் ஏற்றித் தைக்கிறார்கள். அச்சோ சட்டமோ எதுவும் கிடையாது, உருவம் முழுக்கக் கையின் இழுவையில்தான் பிறக்கிறது. எளிய சிறு கூடைக்கே 12 மணி நேரம் பிடிக்கும். பெரிய வேலைக்கு இரண்டு மூன்று மாதம். 12 மணி நேரத்துக் கூடையை 120 டாலருக்கு விற்றால் மணிக்கு 10 டாலர். புல் எடுக்கப் போன நாளையும் காயவைத்த நாட்களையும் சந்தையில் இடத்துக்குக் கட்டும் பணத்தையும் கழித்தால், அந்த மாநிலத்தில் நடப்பில் உள்ள குறைந்தபட்சக் கூலியான 7.25 டாலர்கூட மிஞ்சுமா என்பது சந்தேகமே.

இனி கையில் எடுத்துப் பார்க்கலாம். முதலில் கவிழ்த்து நடு முடிச்சைப் பாருங்கள். திறமை அங்கேதான் முழுசாகத் தெரியும். முடிச்சைச் சுற்றிய முதல் இரண்டு மூன்று வரிசைகளில் வளைவு மிகக் கடுமையானது. ஓலைநார் வெடிப்பதும் தையல் வழுக்குவதும் அந்த இடத்தில்தான். நல்ல கூடையில் முடிச்சு பொத்தான்போலக் கெட்டியாக, நடுவில் துவாரம் இல்லாமல் இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே அமுங்கக் கூடாது.

அடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். வரிசைகளுக்கு இடையே வெளிச்சம் கீற்றுக் கீற்றாக வந்தால் தையல் தளர்ந்திருக்கிறது. வடிவத்துக்காகவே வேண்டுமென்று இடைவெளி விட்டுத் தைக்கும் கூடைகளும் உண்டு. அவற்றில் இடைவெளி ஒரே அளவில், ஒழுங்கான பூவேலையாகத் தெரியும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரிந்தால் அது பூவேலை அல்ல.

பிறகு தையல். நடுவிலிருந்து விளிம்பு வரை தையல்கள் ஆரக்கால்போல, சற்றே வளைந்த கோடுகளாக ஓடும். வட்டம் பெரிதாகப் பெரிதாகத் தையல்களுக்கு இடையே அகலம் கூடும். ஓர் அளவுக்கு மேல் போனதும் நடுவில் புதுத் தையல் சேர்க்க வேண்டும். சோம்பலில் சேர்க்காமல் விட்ட கூடையில் விளிம்புப் பக்கம் தையல்கள் விரல் அகலம் தள்ளித் தள்ளி நிற்கும், இடையில் புல் பிதுங்கும். விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் முதல் காரணம் இந்த நெருக்கமும் நாரின் மெலிவும்தான், கூடையின் பருமன் அல்ல. ஒரே பருமனில் இரண்டு கூடை இருந்து, ஒன்று மற்றதைப்போல இரண்டு மடங்கு விலை சொன்னால், தையலை எண்ணிப் பாருங்கள்.

விளிம்பின் கடைசி முனை எங்கே முடிகிறதென்று விரலை ஓட்டித் தேடுங்கள். கற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக மெலித்து முந்தின வரிசைக்குள் கரைத்திருந்தால் முனை அகப்படவே அகப்படாது. மொட்டையாக நின்றால் முதலில் அவிழப்போவது அந்த இடம். கைப்பிடியையும் இதேபோலப் பார்க்க வேண்டும்: சுவர் வரிசைகளுக்குள் இறங்கித் தைத்த கைப்பிடி பழம் சுமக்கும். விளிம்பில் மட்டும் பிடித்த கைப்பிடி அழகுக்குத்தான். மூடி உள்ள கூடையில் மூடியை முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கத்திலும் சிக்கக் கூடாது. மிக இறுக்கமான மூடி ஈரக்காற்றில் உப்பிப் பிடித்துக்கொள்ளும், ஆகவே நூலிழை தளர்வாக இருப்பது நல்லதே.

மேசைமேல் வைத்தால் ஆடுகிறதா? அது பெரிய குறை அல்ல. அடிப்பாகத்தை லேசாக நனைத்து, சமதளத்தில் கனம் வைத்துக் காயவிட்டால் படிந்துவிடும். பச்சை நிறம் தெரிந்தாலும் தயங்க வேண்டாம். புது ஓலைநார் வெளிர்பச்சையாக இருந்து சில மாதத்தில் தந்த நிறத்துக்கு மாறும். ஆனால் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். காய்ந்த வைக்கோலின் இனிப்பு வாசம் வரவேண்டும். புழுங்கல் வாடை அடித்தால் புல் சரியாகக் காயாமல் தைத்திருக்கிறார்கள். அது பிற்பாடு சுருங்கும், தையல் தானாகத் தளரும், பூஞ்சணமும் பிடிக்கும். இந்தக் குறைக்கு மட்டும் வைத்தியம் இல்லை, வாங்காதீர்கள்.

பிற நாட்டுச் சுருள்கூடைகளும் கடைகளில் உண்டு. அவை மோசமானவை என்பதல்ல, பொருள் வேறு. ஒரே நிறத்தில், ஒரே அளவில், அச்சில் வார்த்ததுபோல அடுக்கடுக்காக இருந்தால் இந்த ஊர்க் கைவேலையாக இருக்க வாய்ப்பு குறைவு. தெருமுனையில் சிறுவர்கள் சில டாலருக்கு விற்கும் பனையோலை ரோஜா தனி; அதை வாங்கிவிட்டு ஸ்வீட்கிராஸ் வாங்கியதாக எண்ணிக்கொள்ள வேண்டாம்.

எங்கே வாங்கலாம்? சந்தையில் ஒரே இடத்தில் பலருடைய வேலையை ஒப்பிடலாம், மழைக்கும் கூரை உண்டு. நம் பரிந்துரை கூப்பர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மவுண்ட் பிளசன்ட் ஊரில் 17-ஆம் நெடுஞ்சாலையோரத் தட்டிக்கடைகள். 1929-இல் கூப்பர் ஆற்றுப் பாலம் திறந்து கார்கள் அந்த வழியாக ஓடத் தொடங்கியதும், 1930 வாக்கில் நாற்காலியிலும் மரக்கொம்பிலும் கூடையை மாட்டிச் சாலையோரம் உட்கார்ந்தவர்கள் தொடங்கிய வியாபாரம் அது. அதுவரை நகர வணிகர்கள் மொத்தமாக வாங்கி விற்றார்கள். சாலையோரக் கடை வந்ததும் விலை சொல்வது தைப்பவர் கைக்கு வந்தது. இன்றும் பெரும்பாலும் தைக்கிறவரே அங்கே உட்கார்ந்திருப்பார், மடியில் பாதி முடிந்த கூடை இருக்கும். இந்தக் கூடையைத் தைத்தவர் யார் என்று நேராகக் கேட்கலாம். அம்மா, அத்தை, பெரியம்மா மகள் என்று பதில் வரும். மழை நாளில் தட்டிகள் வெறுமையாக நிற்கும், அதனால் வானத்தைப் பார்த்துக் கிளம்புங்கள். எல்லாக் கடையிலும் அட்டை எடுப்பதில்லை, கையில் ரொக்கம் இருக்கட்டும். வட கரோலினாவின் சார்லட் நகரிலிருந்து போகிறவர்களுக்குக் காரில் மூன்றரை மணி நேரம்.

பேரம் வேண்டாம். மூன்று நான்கு ஒன்றாக எடுத்தால் அவர்களே குறைப்பார்கள். ஒற்றைக் கூடைக்குப் பாதி விலை கேட்பது அவர்கள் உழைப்பில் பாதியை இலவசமாகக் கேட்பது. படம் எடுக்க முதலில் கேளுங்கள். தையலின் நெருக்கப் படத்தை வைத்து வடிவத்தை நகலெடுக்கிறார்கள் என்ற மனக்குறை அங்கே உண்டு.

சேவையைப் பற்றி ஒரு குறை சொல்லலாம் என்றால், கேட்ட வடிவம் உடனே கிடைக்காது. சொல்லிவைத்தால் மாதங்கள் ஆகும். அதற்குக் காரணம் தைப்பவரின் சுணக்கம் அல்ல, புல். கடலோரத் தீவுகளில் உல்லாச விடுதிகளும் வாயிற்காவல் போட்ட குடியிருப்புகளும் எழுந்த பிறகு, தலைமுறை தலைமுறையாகப் புல் உருவிய மணல்மேடுகளுக்குள் போகவே வழியில்லாமல் போயிற்று. ஜார்ஜியாவிலிருந்தும் ஃபுளோரிடாவிலிருந்தும் வரும் புல்லைக் காசு கொடுத்து வாங்கித் தைக்கிறவர்கள் நிறைய. சாலை அகலமாக அகலமாகத் தட்டிக்கடைகளின் இடமும் சுருங்குகிறது. 2006-இல் இந்தக் கூடையை மாநிலக் கைவினையாகவே அறிவித்தார்கள். மவுண்ட் பிளசன்ட்டின் மேரி ஜேன் மானிகோவுக்கு 1984-இல் தேசிய மரபுக் கலைஞர் விருதும், மேரி ஜாக்சனுக்கு 2008-இல் மெக்ஆர்தர் நிதிநல்கையும் கிடைத்தன. அத்தனை பெருமைக்கும் நடுவில், புல் வளரும் நிலத்துக்குள் போக அந்தப் பெண்கள் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருப்பது நெஞ்சை உறுத்துகிறது.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். உள்ளே துணியைத் திணித்து அட்டைப்பெட்டியில் வையுங்கள். ரொட்டி, சப்பாத்தி, பழம், முட்டை தாராளமாக வைக்கலாம். எண்ணெய்ப் பலகாரத்தை மட்டும் நேராக வைக்க வேண்டாம், புல் உறிஞ்சிய எண்ணெய் சிக்குவாடை அடிக்கும். அழுக்கானால் குளிர்ந்த தண்ணீரில் துளி சோப்பு விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தையல் ஓடும் திசையிலேயே தேய்த்து, அலசி, நிழலில் காற்றாட முழுக்கக் காயவிடுங்கள். நேர்வெயில் ஓலைநாரை மொறுமொறுப்பாக்கி ஒடித்துவிடும். குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் இடத்திலும் அதே கதி. எப்போதாவது ஈரத்துணியால் ஒற்றி எடுத்தால் போதும். இப்படி வைத்துக்கொண்டால் கூடை பல பத்தாண்டு நிற்கும்.

காசு கொடுக்கும்போது தைத்தவரின் பெயரையும் எந்தக் கடை என்பதையும் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக் கூடைக்குள்ளேயே போட்டுவையுங்கள். என்றாவது ஒரு தையல் அறுந்தால் பசை வைத்து ஒட்டாதீர்கள். பசை காய்ந்த இடத்தில் போன் நுழையாது. அந்தக் கடைக்கே திரும்ப எடுத்துப் போனால், அவரோ அவர் மகளோ பழைய துளையிலேயே புது நாரை ஓட்டிக் கொடுப்பார்கள்.