வாசலில் மறுப்பதா, பரணில் போடுவதா?

ரப்பர் தளிர்த்து மார்த்தாண்டத்தில் தேன் இறங்கும் மாசி மாதம். தேன் வியாபாரம் செய்யும் மாமாவின் மின்னஞ்சல் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். துபாய்க்காரர் மின்னஞ்சலில் போட்ட ஆர்டர் ஒன்பது நாளாகியும் வந்து சேரவில்லை. "மக்களே, லாட்டரிக் கடிதம் நின்றது சரிதான். என் கடிதம் எங்கே போயிற்று?" என்றார் மாமா.

சர்வரின் பதிவேட்டைப் புரட்டினேன். ஸ்பாம் எனப்படும் குப்பைக் கடிதங்களை மதிப்பெண் போட்டுக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்அசாசின் என்ற மென்பொருள் அந்தக் கடிதத்துக்கு 5.3 போட்டிருந்தது. இயல்பான வரம்பு 5; அதைத் தொட்டால் ஸ்பாம். அந்த மென்பொருள் முத்திரை குத்துவதோடு சரி. வரம்பைத் தாண்டியதைச் சத்தமில்லாமல் அழிக்கும்படி எழுதிவைத்தது நான். அனுப்பியவருக்கும் தகவல் இல்லை, பெறுபவருக்கும் இல்லை. இதைவிடக் கெட்ட ஏற்பாடு கிடையாது.

ஸ்பாம் பெட்டியில் போட்டால் கடிதம் உயிரோடாவது இருக்கும். ஆனால் பரணை யார் தினமும் ஏறிப் பார்க்கிறார்கள்? ஜிமெயிலில் 30 நாளில் அதுவும் தானாக அழிந்துவிடும்.

கடிதத்தை வாங்காமல் வாசலிலேயே மறுப்பது கடுமையாகத் தெரியும். எனக்கு அதுதான் நேர்மையாகப் படுகிறது. அனுப்பும் சர்வரின் இணைப்பு துண்டிக்கப்படுவதற்கு முன்பே 550, அதாவது ஏற்க முடியாது, என்று பதில் சொன்னால், அனுப்பிய சர்வர் தன் ஆளிடம் "போய்ச் சேரவில்லை" என்று தெரிவித்துவிடும். துபாய்க்காரர் அன்றைக்கே மாமாவுக்கு ஃபோன் செய்திருப்பார். ஆனால் ஒன்று, கடிதத்தை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு திருப்பக் கூடாது. ஸ்பாமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய். திரும்பும் கடிதம் சம்பந்தமில்லாத ஒருவர் தலையில் விழும்.

கிரேலிஸ்டிங் என்று ஒரு வழி உண்டு. முன்பின் தெரியாத சர்வரிடம் 451 சொல்லி, பிறகு வா என்பது. ஒழுங்கான சர்வர் மறுபடி வரும். ஸ்பாம் அனுப்பும் நிரல்கள் பல வருவதில்லை. ஆனால் மறுமுயற்சிக்கு 30 நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது மின்னஞ்சல் விதிமுறை. பத்து நிமிடத்தில் காலாவதியாகும் ஓடிபி அதற்குள் செத்துவிடும். வங்கிக் கணக்கை ஓடிபி வைத்துப் பார்க்கும் மாமாவுக்கு இது ஒத்துவராது.

கடைசியில் 10க்கு மேல் மதிப்பெண் வாங்குவதை வாசலில் மறுக்கிறேன். 5 முதல் 10 வரை பரண். மாமாவுக்கு மறுபடியும் தினம் இரண்டு மூன்று லாட்டரி விழுகிறது. ஸ்பாம் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லி ஞாயிறுதோறும் நான் ஃபோன் செய்கிறேன்.