போருக்குப் பிந்தைய காவல் பணி: ஓர் இணையவழிப் பயிற்சி பற்றிய மதிப்புரை

உள்நாட்டுப் போரிலிருந்து மீண்ட நாடுகளில் காவல் துறையைச் சீரமைப்பது எப்படி, காவலர்களை மக்களோடு சேர்ந்து பணியாற்ற வைப்பது எப்படி என்பதைக் கற்பிக்கும் ஆறு வார இணையவழிப் பயிற்சி ஒன்றை அண்மையில் முடித்தேன். காவலர்கள், உள்ளூர்க் குழுக்களின் உறுப்பினர்கள், மாணவர்கள் எனப் பலரும் இதில் சேரலாம். முதல் மூன்று வாரங்களை மனமாரப் பாராட்டுவேன். அதன் பிறகு குறைகள் உண்டு.

வட அயர்லாந்து பற்றிய பாடமே இதில் மிகச் சிறந்தது. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டினருக்கும் இடையே நீடித்த மோதலை நிறுத்த எட்டப்பட்ட 1998 அமைதி உடன்படிக்கைக்குப் பின், காவல் துறைச் சீரமைப்புக்காக அமைக்கப்பட்ட பேட்டன் ஆணையம், 1999இல் 175 பரிந்துரைகளை வழங்கியது. 2001 நவம்பரில் பழைய காவல் படையின் பெயர் மாறியது. அடுத்த ஆண்டு புதிய சின்னமும் வந்தது. கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி என்ற ஆள்சேர்ப்பு முறை 2011 வரை நடைமுறையில் இருந்ததால், சுமார் 8 விழுக்காடாக இருந்த கத்தோலிக்கக் காவலர்களின் பங்கு ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டியது. இவை எளிதில் கிடைக்கும் தகவல்கள்தாம். ஆனால், மோதல் காலத்தில் 300க்கும் மேற்பட்ட காவலர்களைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கு அந்தப் பெயர் மாற்றம் எவ்வளவு வலித்தது என்பதையும், அந்தப் பழைய பெயரைக் கேட்டாலே அஞ்சிய மக்கள் மறுபுறம் இருந்தார்கள் என்பதையும் ஆசிரியர் ஒரே வகுப்பில், எவரையும் தாழ்த்தாமல் விளக்கினார். சீர்திருத்தம் ஏன் இத்தனை கடினம் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

மூன்றாம் வாரத்தில் காட்டப்பட்ட நான்கு நிமிடக் காட்சி ஒன்று இன்னும் நினைவில் நிற்கிறது. காணாமற்போன மகனைப் பற்றி முறையிட ஒரு தாய் நிலையத்துக்கு வருகிறார். முதல் முறை, காவலர் தலை நிமிராமலே எழுதுகிறார். தாய் நின்றுகொண்டே பேசுகிறார். இரண்டாம் முறை, காவலர் எழுந்து நாற்காலி தருகிறார், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுகிறார், பதிவு எண்ணையும் அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் ஒரு தாளில் குறித்துக் கொடுக்கிறார். அந்தத் தாளைத் தாய் நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொள்வதோடு காட்சி முடிகிறது.

இப்படித் தொடங்கிய பயிற்சி, அதற்குப் பின் கூட்டங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. மக்கள் குழுவை எப்படிக் கூட்டுவது, யாரை அழைப்பது, குறிப்பேட்டை எப்படி எழுதுவது என்று இரண்டு வாரங்கள் போயின. கூட்டம் தேவைதான். ஆனால் காவலர் ஒருவரே தவறு செய்தால் அந்த முறையீட்டை யார் விசாரிப்பார்கள் என்பதற்கு விடை இல்லாத இடத்தில், எத்தனை கூட்டம் போட்டாலும் நம்பிக்கை வளராது. வட அயர்லாந்தில் காவல் துறைக்கு வெளியே நின்று முறையீடுகளை விசாரிக்கும் தனி அலுவலகம், பெயர் மாற்றத்துக்கு முன்னரே, 2000இல் தொடங்கிவிட்டது. அதற்குப் பயிற்சியில் ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு பக்கம்.

சியரா லியோனில் காவலரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து, பாலியல் வன்முறைக்கும் சிறார் கொடுமைக்கும் ஆளானவர்களின் முறையீடுகளைக் கையாளும் குடும்ப உதவிப் பிரிவுகள் பற்றிய பகுதி சுருக்கமானாலும் பயனுள்ளது. முழுக்கப் பெண்களாலான முதல் ஐ.நா. காவல் அணியாக 2007இல் இந்தியாவிலிருந்து லைபீரியாவுக்குச் சென்றவர்களைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம்.

தென்கிழக்கு ஆசிய நாடான கிழக்குத் திமோரை விட்டுவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஐ.நா.வின் பொறுப்பில் 2000இல் உருவாக்கப்பட்ட காவல் துறை, 2006இல் அங்கே எழுந்த அரசியல் நெருக்கடியில் உள்ளுக்குள்ளேயே பிளவுபட்டது. டிலி நகரில் ராணுவத்தினர் சுட்டதில் காவலர்கள் உயிரிழந்தனர். வெற்றிக் கதைகளை மட்டும் படித்துவிட்டுக் களத்துக்குச் செல்பவர், இத்தகைய பிளவின் தொடக்க அறிகுறிகளை எப்படி அடையாளம் காண்பார்?

இறுதித் தேர்வும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களோடு நின்றுவிடுகிறது. அந்தத் தாயின் முறையீட்டை நாமே பதிந்து காட்டச் சொல்லியிருந்தால், கற்றது எவ்வளவு என்பது தெரிந்திருக்கும். புதிதாக இத்துறைக்கு வருபவர்கள் முதல் மூன்று வாரங்களுக்காகவே இதில் சேரலாம். ஏற்கெனவே நிலையங்களில் பணிபுரிபவர்களுக்கு, முறையீட்டு விசாரணை பற்றிய பாடம் சேர்க்கப்படும்வரை இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.