குளிர்பெட்டி, கார்ட்ரிட்ஜ், வடிதாள்: லுகேமியாவை உறுதிசெய்ய எது கைகொடுக்கும்?

நாட்பட்ட மைலாய்டு லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2002இலேயே அதைத் தயாரிக்கும் நோவார்டிஸ் நிறுவனமும் மேக்ஸ் பவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பும் வசதி குறைந்த நாடுகளுக்கு அதை இலவசமாக வழங்கத் தொடங்கின. ஆனால் மாத்திரை வேண்டுமென்றால் இரு மரபணுக்கள் ஒட்டி, நோயை உண்டாக்கும் ‘இணைவு மரபணு’வாக மாறியிருக்கும் பிலடெல்பியா குரோமோசோம் இருப்பதற்குச் சான்று காட்ட வேண்டும். வீங்கிய மண்ணீரலும் லட்சத்தைத் தாண்டிய வெள்ளையணுக்களும் சந்தேகத்துக்குப் போதும், சான்றாகா. மருந்து இலவசம், சோதனைக்குக் காசு என்ற விசித்திரம் இங்கேதான் பிறந்தது.

மரபணுத் துணுக்கைப் பல மடங்கு பெருக்கிக் கண்டறியும் மைய ஆய்வகத்தின் பிசிஆர் சோதனையே தரத்தில் முதலிடம். இணைவு மரபணுவின் அரிய வகைகளையும் அது தேடும். சிக்கல் வழியில் இருக்கிறது. சோதனைக்கு வேண்டிய, ரத்தத்தில் உள்ள ஆர்என்ஏ (மரபணுவின் நகல்) விரைவில் சிதையும். ரத்தம் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று நாட்களுக்குள் குளிர் குறையாமல் போய்ச் சேர வேண்டும். உள்நாட்டில் ஆய்வகம் இல்லையென்றால் ரத்தக் குழாய் விமானமேற வேண்டியதுதான்.

ஜீன்எக்ஸ்பர்ட் என்ற தானியங்கி பிசிஆர் கருவியோ பல மாவட்ட மருத்துவமனைகளில் ஏற்கெனவே இருக்கிறது, காசநோய்க்காக. ரத்த மாதிரியை இட்டுச் செருகும் கார்ட்ரிட்ஜை மாற்றினால் அதே கருவி லுகேமியாவின் இணைவு மரபணுவை அளந்து, சில மணி நேரத்தில் முடிவு சொல்லும். பிசிஆர் நிபுணர் தேவையில்லை. ஆனால் தடையற்ற மின்சாரமும் அதிக வெப்பமில்லாத அறையும் வேண்டும். கார்ட்ரிட்ஜ் விலை அதிகம், காலாவதித் தேதியும் உண்டு. காசநோய்ப் பிரிவு கருவியை விட்டுக்கொடுக்கவும் வேண்டும். தொழில்நுட்பத்தைவிட இதுதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது. வழக்கமான கார்ட்ரிட்ஜ் இணைவு மரபணுவின் பி210 என்ற வகையை மட்டுமே காணும். இந்த நோயில் பெரும்பாலும் அதுதான் என்றாலும், 'இல்லை' என்ற முடிவை அப்படியே நம்பிவிடக் கூடாது.

மூன்றாவது, வடிதாள். சியாட்டிலின் பிரெட் ஹட்சின்சன் மைய ஆய்வாளர்கள் முயன்ற வழி இது: சில துளி ரத்தத்தைத் தாளில் உலர்த்திச் சாதாரண அஞ்சலில் அனுப்பிவிடலாம், பனிக்கட்டி வேண்டாம். துளி சிறியது என்பதால் நுண்ணிய அளவுகள் நழுவும். சிகிச்சை தொடங்காதவரின் ரத்தத்தில் இணைவு மரபணு நிறைந்து கிடக்கும் என்பதால் அங்கே இது குறையே அல்ல.

கருவி இல்லாத ஊரில் புது நோயாளிக்கு நான் வடிதாளைத்தான் பரிந்துரைப்பேன். தொடர் கண்காணிப்பு வேறு கதை. சர்வதேச அளவுகோலின்படி இணைவு மரபணு அளவு மூன்றாம் மாதத்தில் 10 சதவீதத்துக்கும், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்கும் இறங்க வேண்டும். அதை அளக்கக் கார்ட்ரிட்ஜே ஏற்றது. கையிருப்பு குறைவென்றால் சிகிச்சையின் முதல் ஆண்டில் இருப்பவர்களுக்கே அதை ஒதுக்குவேன். மருந்து கேட்கிறதா, மாற்ற வேண்டுமா என்பது அந்த மாதங்களில்தான் தெரியவரும்.