பிரெஞ்சு நகரங்களை எங்கிருந்து பார்ப்பது? கோபுரமா, குன்றா, பூங்காவா: ஓர் ஒப்பீடு

ஈபிள் கோபுரத்துக்குப் போனால் உச்சி வரை ஏற வேண்டாம், இரண்டாவது தளத்தோடு நின்றுவிடுங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பாரிஸ், லியோன், மார்செய், நீஸ் என்று எந்த ஊரை எடுத்தாலும் என் தேர்வுக்கு அடிப்படை இதுதான். உச்சித் தளம் 276 மீட்டரில் இருக்கிறது. அங்கே நின்று பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும், ஆனால் தட்டையாகத் தெரியும். கூரைகள் எல்லாம் சேர்ந்து ஒரே சாம்பல் நிறப் பரப்பாகிவிடும், எது மேடு எது பள்ளம் என்று பிரித்துச் சொல்ல முடியாது, மொம்மார்த்ர் குன்றுகூட ஒரு சின்னப் புடைப்புதான். இரண்டாவது தளம் 116 மீட்டர். செய்ன் ஆற்றின் பாலங்கள், அதில் போகும் படகுகள், இன்வாலிடின் தங்கக் குவிமாடம், எதிர்க்கரையில் த்ரோக்கதேரோ எல்லாம் அதனதன் உருவத்தோடு நிற்கும். கால் ஒத்துழைத்தால் 674 படிகள் ஏறியே போகலாம், லிஃப்டைவிட டிக்கெட் விலை குறைவு. 1889 உலகக் கண்காட்சிக்காகப் பூட்டிய இரும்புச் சட்டங்களுக்கு நடுவே நடந்துபோவதே தனி அனுபவம், லிஃப்டில் போகிறவர்களுக்கு அது கிடைக்காது.

தரையிலிருந்து சுமார் 50 மீட்டர் முதல் 150 மீட்டர் வரை. என் கணக்கு இவ்வளவுதான். ஒரு நகரத்தை மேலே இருந்து ரசிக்க இந்த உயரம் போதும், இதைத் தாண்டினால் நகரம் கையைவிட்டுப் போய்விடுகிறது.

இந்தக் கணக்கை வைத்துப் பாரிஸில் காசு கொடுத்து ஏறும் இடங்களை ஒப்பிட்டால் ஜெயிப்பது வெற்றி வளைவுதான், ஆர்க் து த்ரியோம்ஃப். உயரம் வெறும் 50 மீட்டர், 284 படிகள், அதுவும் சுழல் படிக்கட்டு. மேலே வந்ததும் 12 அகலச் சாலைகள் நம் காலடியிலிருந்து நாலா பக்கமும் பிரிந்து போவது தெரியும். ஒரு பக்கம் ஷான்செலிசே நேர்கோட்டில் லூவ்ரை நோக்கி இறங்குகிறது, எதிர்ப்பக்கம் அதே கோட்டில் லா தெஃபான்ஸின் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் 1989இல் திறந்த அந்தப் பெரிய சதுர வளைவு. 1806இல் நெப்போலியன் கட்டச் சொல்லி, அவர் இறந்து பல வருஷம் கழித்து 1836இல்தான் முடிந்த வளைவு இது. 19ஆம் நூற்றாண்டில் நகர நிர்வாகி ஓஸ்மான் பாரிஸை எப்படி வெட்டித் திருத்தினார் என்று படித்துப் புரிந்துகொள்வதைவிட இங்கே நின்று பார்த்தால் சட்டென்று புரியும். ஈபிள் கோபுரமும் முழுசாகத் தெரிகிறது, அதன் மேலே ஏறினால் அதைப் பார்க்க முடியாதே. இருட்டிய பிறகு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் அது ஐந்து நிமிடம் மினுங்கும். அந்த நேரத்துக்கு இங்கே மேலே இருக்கிற மாதிரி திட்டமிடுங்கள். ஒன்று மட்டும்: சுற்றி ஓடும் வண்டிகளுக்கு நடுவே ரோட்டைக் கடக்கப் பார்க்காதீர்கள், ஷான்செலிசே பக்கம் சுரங்கப்பாதை இருக்கிறது.

மோன்பார்னாஸ் கோபுரத்துக்கும் ஒரு கூட்டம் வாதாடும். 210 மீட்டர், 1973இல் முடிந்தது. நகரத்துக்கு நடுவே இப்படி ஒரு கறுப்புக் கட்டடம் எழும்பியதைப் பார்த்து அதிர்ந்துதான் 1977இல் பாரிஸுக்குள் கட்டட உயரத்துக்கு 37 மீட்டர் வரம்பு வைத்தார்கள். ஈபிள் கோபுரத்தை நேர் எதிரே வைத்து ஒரு நல்ல படம் எடுக்கலாம், அது உண்மை. ஆனால் உயரம் அதிகம், அதே தட்டைப் பிரச்சினை இங்கேயும் உண்டு. தவிர, கோபுரம் பெரிய புதுப்பிப்புத் திட்டத்தில் இருக்கிறது, திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, காசே இல்லாமல்? இங்கேதான் பாரிஸ் நிஜமாகவே தாராளமான ஊர். எல்லோருக்கும் தெரிந்த இடம் மொம்மார்த்ர், சுமார் 130 மீட்டர் குன்று, மேலே வெள்ளை நிறத்தில் சாக்ரே கேர் தேவாலயம். 1875இல் வேலை தொடங்கி 1914இல் முடிந்தது. மழை பட்டால் இன்னும் வெளுக்கிற வகைச் சுண்ணாம்புக்கல்லில் கட்டியிருக்கிறார்கள், அதனால்தான் பாரிஸின் புகையிலும் அந்த வெள்ளை மங்கவில்லை. வாசல் படிகளில் உட்கார்ந்து பார்க்கும் காட்சி தெற்குப் பக்கம் விரிவது. அழகுதான், ஆனால் பலர் எதிர்பார்த்து வரும் ஈபிள் கோபுரம் அந்தப் படிகளிலிருந்து தெரியாது, கட்டடங்களும் மரங்களும் மறைத்துவிடும். அதைப் பார்க்கக் குவிமாடத்தின் மேலே ஏற வேண்டும், அதற்கு டிக்கெட் உண்டு. கீழே படிக்கட்டில் கையில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்கிறவர்கள் நிற்பார்கள், கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நிற்காமல் நடந்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் மொம்மார்த்ரைவிட பெல்வில் பூங்கா. ஊரின் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து 108 மீட்டரில் இருக்கிறது, 1988இல் திறந்தார்கள், மெத்ரோ பிரெனே நிலையத்தில் இறங்கினால் கொஞ்ச தூரம் நடை. மேற்குப் பார்த்த சரிவு என்பதால் மாலையில் சூரியன் ஈபிள் கோபுரம் இருக்கும் திசையில் இறங்கும், பான்தியோன் குவிமாடமும் தெரியும். சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தப் பேட்டைக்காரர்கள், பிள்ளைகள் விளையாடுவார்கள், புல்லில் சாப்பாட்டை விரித்து வைத்திருப்பார்கள். மொம்மார்த்ர் கூட்டத்தில் நின்று பார்ப்பதற்கும் இங்கே சாவகாசமாக உட்கார்ந்து பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. மொம்மார்த்ருக்குச் சாதகமாக நான் சொல்லக்கூடிய ஒரு விஷயம், அங்கிருந்து இறங்கிக் கிழக்கே நடந்தால் லா சப்பல் வந்துவிடும், ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும், இட்லியோ கொத்து ரொட்டியோ கிடைக்கும். பாரிஸ் சாப்பாட்டு விலையில் களைத்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பெல்விலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இன்னொன்றும் இருக்கிறது, புட் ஷோமோன் பூங்கா. லுக்சம்பூர்க் தோட்டமா இதுவா என்று கேட்டால் நான் தயங்காமல் இதைச் சொல்வேன். லுக்சம்பூர்க் தோட்டம் 17ஆம் நூற்றாண்டில் மரி த மெதிசி ராணி தன் அரண்மனைக்காகப் போட்டது. அந்த அரண்மனையில் இப்போது செனட் சபை நடக்கிறது. பச்சை இரும்பு நாற்காலிகள், ஒழுங்காக வெட்டிய மரங்கள், நேரான பாதைகள், எல்லாம் அளந்து வைத்த அழகு. புட் ஷோமோன் அதற்கு நேர் எதிர். ஜிப்சம் வெட்டி எடுத்த குவாரி அது, அப்புறம் ஊர்க் குப்பையும் கழிவும் கொட்டுகிற இடமாகி நாறிக் கிடந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அல்ஃபான் என்ற பொறியாளரிடம் கொடுத்தார்கள், அவர் அந்தப் பள்ளங்களையும் பாறைகளையும் மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டு ஏரி, அருவி, தொங்குபாலம், செங்குத்தான பாறையின் உச்சியில் ஒரு சின்னக் கோயில் மண்டபம் என்று அமைத்து 1867இல் திறந்தார்கள். அந்த மண்டபத்திலிருந்து பார்த்தால் சாக்ரே கேர் தெரிகிறது. கெட்டுப்போன நிலத்தை ஒரு நகரம் இப்படி மீட்டு, இத்தனை வருஷம் கழித்தும் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது என்பதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இனி நிஜமான போட்டிக்கு வருகிறேன்: லியோனின் ஃபூர்வியேர் குன்றும் மார்செய்யின் நோத்ர தாம் த லா கார்து குன்றும். இரண்டு ஊரும் பிரான்ஸின் இரண்டாவது நகரம் நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்ளும். இரண்டிலும் ஊருக்கு மேலே ஒரு குன்று, குன்றின் மேல் 19ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், அதில் மாதா. பார்க்க ஒரே மாதிரி தோன்றினாலும் காட்சி முழுக்க வேறு.

லியோனில் பழைய நகரத்திலிருந்து கேபிள் ரயில் ஏறினால் சில நிமிடங்களில் ஃபூர்வியேர் மேலே இறங்கலாம். தேவாலயம் 1870இல் பிரஷ்யாவோடு நடந்த போரின்போது செய்த நேர்த்திக்கடன், 1872இல் கட்டத் தொடங்கினார்கள். நான்கு மூலையிலும் கோபுரம் நிற்பதால் ஊர்க்காரர்கள் இதைத் தலைகீழாகக் கிடக்கும் யானை என்பார்கள். வெளியே கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே மொசைக் வேலையைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். பின்பக்க மேடையிலிருந்து ஊர் கிழக்கே விரிகிறது: கீழே சோன் ஆறு, பழைய நகரத்தின் ஓட்டுக் கூரைகள், செம்மண் தரையுள்ள பெல்கூர் சதுக்கம், தூரத்தில் ஊர்க்காரர்கள் பென்சில் என்று அழைக்கும் உயரக் கட்டடம். வானம் தெளிவாக இருக்கும் நாளில் அதற்கும் பின்னால் ஆல்ப்ஸ், அதில் மோன் பிளான். கிழக்குப் பார்த்த இடம் என்பதால் காலையில் வெயில் கண்ணில் அடிக்கும், பிற்பகலில் போனால் சூரியன் முதுகுப்பக்கம் வந்து ஊர் முழுக்க ஒளி விழும். இதைத் தெரியாமல் காலையில் போய்விட்டு மங்கலாக இருந்தது என்று சொல்கிறவர்கள் நிறைய.

ஆனால் ஃபூர்வியேரின் பலம் காட்சி மட்டும் இல்லை. சில நிமிடம் நடந்தால் ரோமானியர் காலத்துக் கல் அரங்கம். கி.மு. 43இல் ரோமர்கள் லுக்துனும் என்ற ஊரை உண்டாக்கியது இந்தக் குன்றில்தான். கோடையில் இன்றும் அந்த அரங்கத்தில் இசை, நாடகம் எல்லாம் நடக்கின்றன. இறங்கும்போது ரயிலில் இறங்காமல் ரொசேர் தோட்டத்தின் வழியாக நடந்து இறங்குங்கள், ஒவ்வொரு வளைவிலும் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வரும். எதிரே இருக்கும் க்ருவா ரூஸ் குன்று பட்டு நெசவாளர்களின் குன்று, ஃபூர்வியேர் ஜெபிக்கிற குன்று, அது உழைக்கிற குன்று என்று அந்த ஊரில் சொல்வார்கள். அங்கே பனியாறு இழுத்து வந்து போட்ட பெரிய பாறை ஒன்று இருக்கிறது, அதன் பக்கத்தில் நின்றால் ரோன் ஆற்றுப் பக்கக் காட்சி கிடைக்கும். பூங்கா என்றால் தெத் தோர், 1857இல் திறந்தது, 100 ஹெக்டேருக்கு மேல், ஏரி, ரோஜாத் தோட்டம், விலங்குக் காட்சிச்சாலை, எதற்கும் கட்டணமில்லை.

மார்செய் வேறு. அங்கே ஃபூர்வியேர் மாதிரி ஒரு பக்கக் காட்சி இல்லை, சுற்றிலும் 360 பாகையும் திறந்திருக்கிறது. சுமார் 150 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை, அதன் மேல் பழைய கோட்டை, கோட்டைச் சுவரின் மேல் 1864இல் திருநிலைப்படுத்திய தேவாலயம், கோபுர உச்சியில் தங்க இலை பூசிய 11 மீட்டர் மாதா சிலை. ஊர்க்காரர்களுக்கு அவள் போன் மேர், நல்ல தாய். மேற்கே கடல், ஃப்ரியூல் தீவுகள், இஃப் கோட்டைத்தீவு. வடக்கே பழைய துறைமுகம், அதில் நெருக்கி நிற்கும் படகுகள். தெற்கே வெலோத்ரோம் கால்பந்து மைதானம், அதற்கப்பால் வெள்ளைப் பாறை மலைகள். ஒரே சுற்றில் கடல், துறைமுகம், ஊர், மலை நான்கையும் பார்த்துவிடலாம். பிரான்ஸில் நகரத்துக்குள் இருக்கும் காட்சிமேடைகளில் எனக்கு இதுதான் முதலிடம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே போனால் கூரையிலிருந்து சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகள் தொங்கும், கடலில் பிழைத்து வந்தவர்கள் நன்றிக்கு வைத்தவை. வெளிச்சுவரில், ஜெர்மானியரிடமிருந்து ஊரை மீட்ட 1944 ஆகஸ்ட் சண்டையின் குண்டுத் தடங்களை இன்னும் பார்க்கலாம். வேளாங்கண்ணிக்குப் போய்வந்தவர்களுக்கு இந்தக் கடலோர மாதாவும் நேர்த்திக்கடன்களும் பழகிய விஷயமாகவே இருக்கும்.

மார்செய்யின் குறை பூங்கா. தெத் தோருக்கு ஈடான ஒன்று அங்கே நடுநகரில் இல்லை. லோன்ஷான் அரண்மனைக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருக்கிறது, ஆனால் அங்கே போக வேண்டியது தோட்டத்துக்காக இல்லை, முன்னால் இருக்கும் நீரூற்றுக்காக. 1830களில் வறட்சியும் காலராவும் ஊரைப் போட்டு வாட்டியபோது, துரான்ஸ் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டுவர முடிவெடுத்தார்கள். 1849இல் தண்ணீர் வந்தது, அந்தச் சந்தோஷத்துக்குக் கட்டியதுதான் 1869இல் திறந்த இந்த அரண்மனை. தண்ணீர் வந்ததற்காக ஒரு அரண்மனை! குழாயில் தண்ணீர் வராத நாட்களைப் பார்த்த நமக்கு அது ஏன் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

நீஸைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோட்டைக் குன்று என்று பெயர், கோட்டை கிடையாது, 14ஆம் லூயியின் உத்தரவில் 1706இல் இடித்துவிட்டார்கள். உயரம் 92 மீட்டர், இலவச லிஃப்ட் உண்டு, மேலே நிழலான பூங்காவும் செயற்கை அருவியும். ஒரு பக்கம் வளைந்து போகும் நீலக் கடற்கரை, மறுபக்கம் துறைமுகம். தினமும் நண்பகலுக்கு ஒரு வெடிச்சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம், அது வழக்கம். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் இதுதான் மிகச் சுலபமான இடம். மார்செய் அளவுக்குப் பார்க்க விஷயம் இல்லை, ஆனால் களைப்பும் இல்லை.

ஸ்ட்ராஸ்பூர்க் மட்டும் குன்றில்லாத ஊர், அங்கே பேராலயத்தின் 66 மீட்டர் மேடைக்குப் படியேற வேண்டும், தெளிவான நாளில் எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் கருங்காடு தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் வோபான் அணைக்கட்டின் மேல்தளத்தில் நின்று பழைய பாலங்களைப் பார்த்தால் போதும்.

பாரிஸைத் தவிர இன்னும் ஒரு நகரத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்: அதிவேக ரயிலில் லியோன் சுமார் இரண்டு மணி நேரம், மார்செய் மூன்றே கால் மணிக்குப் பக்கம். ஒரே பகலில் போய்த் திரும்ப வேண்டியவர்கள் லியோனை எடுங்கள், பிற்பகலில் ஃபூர்வியேர் ஏறுங்கள். ஓர் இரவு தங்க முடிந்தால் மார்செய். பழைய துறைமுகத்திலிருந்து 60ஆம் எண் பேருந்து மேலே வரை போகிறது. மிஸ்ட்ரால் காற்று வீசும் நாளாக இருந்தால் கூடுதலாக ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ஆளையே தள்ளுகிற மாதிரி அடிக்கும். ஆனால் வானத்தைத் துடைத்துவிடுகிற காற்றும் அதுதான், தீவுகள் அவ்வளவு கிட்டத்தில் தெரிவது அந்த நாட்களில்தான்.