ஊருக்கு ஆஸ்பத்திரி கட்டப் போகிறீர்களா? புட்டாரோ, ஷியாம்நகர், சிட்லிங்கி மூன்றையும் ஒரு தடவை பாருங்கள்

ஊருக்குப் பொதுவாக ஒரு ஆஸ்பத்திரி கட்டலாம் என்று நாலு பேர் கூடினால், முதலில் மேசைக்கு வருவது ஒரு வரைபடம். ஐந்து மாடி, முகப்பு முழுக்கக் கண்ணாடி, நடுவில் லிஃப்ட், இரண்டு பக்கமும் அறைகள், நடுவே பகலிலும் ட்யூப்லைட் எரிகிற நடைகூடம், அதிலேயே வரிசையாக ஸ்டீல் நாற்காலி. நான் இதைப் பெட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வேன். நோயாளிக்கு இதில் என்ன வசதி என்று கேட்டால் வரவேற்பறையில் மீன்தொட்டி வைத்துத் தருகிறோம் என்பார்கள்.

இந்த வரைபடத்துக்குத் தலையாட்டுவதற்கு முன்னால் வேறு மூன்று வழிகளைப் பார்த்துவிடுங்கள். மூன்றும் கட்டி, ஓடிக்கொண்டிருக்கிறவை.

முதலாவது புட்டாரோ. ருவாண்டாவின் வடக்கே மலைப்பகுதியில் இருக்கிறது. அரசு சுகாதார அமைச்சகமும் 'பார்ட்னர்ஸ் இன் ஹெல்த்' அமைப்பும் சேர்ந்து, 'மாஸ் டிசைன் குரூப்' வடிவமைப்பில் கட்டி 2011 இல் திறந்தார்கள். திறந்தபோது சுமார் 140 படுக்கைகள். இதைப் புரிந்துகொள்ள தென்னாப்பிரிக்காவின் டுகெலா ஃபெர்ரி கதை தெரிய வேண்டும். அங்கே மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் வந்த 53 பேரில் 52 பேர் இறந்துபோனார்கள். 2006 இல் இது உலகம் முழுக்கச் செய்தியானது. பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது, ஆனால் கொடுமை என்னவென்றால் தொற்று ஆஸ்பத்திரிக்குள்ளேயே பரவியதற்குத் தடயங்கள் இருந்தன. வேறு ஏதோ நோய்க்கு வந்தவர் காற்றோட்டமில்லாத இடத்தில் இருமுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, வராத நோயையும் வாங்கிக்கொண்டு போகிறார். அதனால் புட்டாரோவில் உள்நடைகூடத்தையே எடுத்துவிட்டார்கள். நடப்பதும் காத்திருப்பதும் வெளித் தாழ்வாரத்தில். வார்டில் உயரமான கூரை, எதிரெதிரே ஜன்னல், மெதுவாகச் சுற்றுகிற பெரிய விசிறி, மேலே கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கட்டில் போட்டிருக்கிற விதம். வழக்கமாகத் தலைமாடு ஜன்னல் சுவரை ஒட்டி இருக்கும், நோயாளி நாள் முழுக்க எதிர்க்கட்டில்காரரைப் பார்த்தபடி கிடப்பார். இங்கே நடுவில் ஒரு அரைச்சுவர் எழுப்பி, அதில் தலைமாட்டை வைத்து, எல்லாரும் ஜன்னலைப் பார்த்துப் படுக்கும்படி செய்திருக்கிறார்கள். இதற்கு ஆன செலவு அந்த அரைச்சுவர்தான். ராஜர் அல்ரிச் 1984 இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில் ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். 46 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு, அதையே வேதமாக்க வேண்டாம். ஆனாலும் கட்டிலைத் திருப்பிப் போட காசா பணமா?

இரண்டாவது ஷியாம்நகர். வங்கதேசத்தில் சாத்கிரா மாவட்டம், சுந்தரவனக் காட்டை ஒட்டிய தாழ்நிலம். 'ஃப்ரெண்ட்ஷிப்' என்ற தொண்டு நிறுவனத்துக்காக காஷெஃப் சவுத்ரி வடிவமைத்த 80 படுக்கை ஆஸ்பத்திரி. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்கள் சங்கத்தின் 2021 ஆம் ஆண்டுக்கான சர்வதேசப் பரிசு இதற்குத்தான் கிடைத்தது. கடல்நீர் ஏறி, இறால் பண்ணைகளும் பெருகி, அங்கே நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. எனவே கூரையிலும் முற்றத்திலும் விழுகிற மழைநீரை வளாகத்தின் நடுவே ஓடுகிற ஒரு கால்வாய்க்கு விட்டுச் சேமிக்கிறார்கள். அதே கால்வாய் வெளிநோயாளிப் பகுதியையும் வார்டுகளையும் பிரிக்கிறது. மதில் எழுப்பி, கேட் போட்டு, 'உள்ளே வராதே' என்று அதட்ட ஒரு செக்யூரிட்டியை நிறுத்துகிற இடத்தில் இவர்கள் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் ஏ.சி. கிடையாது. செங்கல் சுவர், முற்றத்துக்கு முற்றம், காற்று.

இவை இரண்டையும் எதிரெதிரே வைத்தால் என் ஓட்டு ஷியாம்நகருக்கு, அதாவது நம் கடற்கரைப் பக்கம் கட்டுவதாக இருந்தால். புட்டாரோ குளிர்ந்த மலை. அங்கே ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. வேதாரண்யத்திலோ ராமநாதபுரத்திலோ மே மாதம் அந்தக் கணக்கு உதைக்கும். நிழலும் முற்றமும் தண்ணீரும் சேர்ந்தால்தான் வார்டில் ஆள் இருக்க முடியும். ஆனால் ஒன்று, முற்றங்களுக்கு நிலம் நிறைய வேண்டும், கால்வாயைத் தூர்வார வருடா வருடம் ஆளும் பணமும் வேண்டும். அதற்கு ஒதுக்காவிட்டால் மிஞ்சுவது கொசுப்பண்ணை.

கட்டுகிற முறையில் மட்டும் புட்டாரோ ஒரு படி மேல். அங்கே கிடைக்கிற எரிமலைக் கல்லையே எடுத்தார்கள், மண் தோண்டுவதைக்கூட முடிந்தவரை இயந்திரம் இல்லாமல் செய்தார்கள், கூலி ஊர்க்காரர்கள் கைக்குப் போனது. அப்புறம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே டாக்டர்களுக்கு நல்ல வீடுகள் கட்டினார்கள். ராத்திரி பிரசவ வலியோடு வருகிறவருக்கு, டாக்டர் நடந்து வரும் தூரத்தில் இருப்பதைவிடப் பெரிய வசதி எது?

அதனால்தான் மூன்றாவதாக சிட்லிங்கி. தர்மபுரி மாவட்டம், கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993 இல் அங்கே போய், மலைவாழ் மக்களே கட்டிக்கொடுத்த ஒரு குடிசையில் வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது அந்தப் பகுதியில் பிறக்கிற 1000 குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். பிற்பாடு அது 20 அளவுக்குக் குறைந்தது. கட்டடம் பெரிதானதால் நடந்த மாற்றம் இல்லை இது. உள்ளூர்ப் பெண்களுக்கே நர்ஸ் வேலை சொல்லிக் கொடுத்து, ஊர் ஊராகச் சுகாதாரப் பணியாளர்களை உருவாக்கி, அந்தப் பெண்கள் வீடு தேடிப் போய்ப் பார்த்ததால் வந்தது. வாசலில் தன் ஊர்ப் பேச்சில் 'என்ன பண்ணுது' என்று கேட்க ஒரு பெண் இருந்தால், கண்ணாடி முகப்பு செய்ய முடியாததை அது செய்யும். தேவை கூடக் கூட அறைகளைச் சேர்த்து, இன்று அறுவை அரங்கு வரை வந்திருக்கிறது.

கையில் காசு குறைவு என்றால் சிட்லிங்கி வழிதான், எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வழிக்கு முப்பது வருடம் ஊரைவிட்டுப் போகாத இரண்டு டாக்டர்கள் வேண்டும். பணத்தைப் புரட்டுவதைவிட அது கஷ்டம்.

சரி, உங்களிடம் இருப்பது டவுனுக்கு நடுவே அரை ஏக்கர்தான், மாடி கட்டியே ஆக வேண்டும் என்கிறீர்களா? அப்படியானால் இன்ஜினியரிடம் மூன்று விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நடைகூடத்தை நடுவில் வைக்காமல் ஒரு பக்கமாகத் தள்ளி, வெளிப்பக்கம் திறந்து வைக்கச் சொல்லுங்கள். அறை எண்ணிக்கை குறையும், குறையட்டும். உலக சுகாதார நிறுவனம் பொது வார்டில் ஒரு நோயாளிக்கு நொடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும் என்கிறது, அதை வரைபடத்தில் எப்படிக் கொண்டுவருகிறார் என்று கேளுங்கள். துணைக்கு வருகிறவருக்குப் படுக்க, குளிக்க, துணி காயப்போட இடம் எங்கே என்று கேளுங்கள். நம் ஊரில் ஒரு நோயாளி என்றால் கூடவே இரண்டு பேர். அவர்களுக்கு இடம் விடாத வரைபடம் என்றால் திறப்பு விழா முடிந்த மறுநாளே படிக்கட்டுக்கு அடியில் பாய் விரித்துவிடுவார்கள்.