ஸ்ட்ரேஸா, பெர்ஃப் ட்ரேஸா?
லினக்ஸில் ஒரு புரோகிராம் எப்போதெல்லாம் கர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்குள், போய் வருகிறது என்று பார்க்க என் கை முதலில் தேடுவது ஸ்ட்ரேஸ் (strace) என்ற கருவியைத்தான். எந்த ஃபைலைத் திறந்தது, என்ன பிழை வந்தது என்று அழகாக எழுதிக் காட்டும். நம் சொந்த புரோகிராமுக்கு ரூட் (நிர்வாகி) அனுமதிகூட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு சிஸ்டம் காலிலும் (புரோகிராம் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) நுழையும்போது ஒரு முறை, திரும்பும்போது ஒரு முறை புரோகிராமை நிறுத்தி வைக்கும். பிஸியான டேட்டாபேஸ் சர்வரில் ஓட்டினால் அது தவழ ஆரம்பித்துவிடும்.

இதே வேலைக்கான இன்னொரு கருவி பெர்ஃப் ட்ரேஸ் (perf trace), அப்படி நிறுத்துவதில்லை. கர்னலுக்குள் இருக்கும் ட்ரேஸ்பாயிண்ட்டுகள் (நடப்பதைப் பதிவு செய்யும் கண்காணிப்புப் புள்ளிகள்) பஃபர் என்ற தற்காலிக நினைவகத்தில் குறித்துப் போட, அப்புறம் எடுத்துப் படிக்கும். கேட்டால் பேஜ் ஃபால்ட்டையும் (புரோகிராம் தொட்ட நினைவகப் பக்கம் தயாராக இல்லாத நிலை) காட்டும். ரூட் பெரும்பாலும் தேவை.

மணி பார்க்கும் அழைப்பு இரண்டிலுமே சிக்கவில்லையா? குழம்ப வேண்டாம், விடிஎஸ்ஓ (கர்னல் ஒவ்வொரு புரோகிராமின் நினைவகத்திலும் வைத்துத் தரும் சிறு நூலகம்) தயவில் அது வழக்கமாகக் கர்னலுக்குள் போவதே இல்லை.