ஆந்தூரியமா, ஆர்க்கிடா: வேலூர் வீட்டுக்கு எது ஒத்துவரும்?

வீட்டுக்குள் வைக்க ஒரு பூச்செடி வேண்டும் என்று வேலூரில் நர்சரிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு செடிகளுக்கு நடுவே தயங்கி நிற்கிறார்கள். ஒன்று, அரக்குப் பூசியது போன்ற சிவப்பு மடலோடு நிற்கும் ஆந்தூரியம். மற்றொன்று, வளைந்த தண்டில் வரிசையாகப் பூ விரித்திருக்கும் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட். முன்னது கொலம்பியா, ஈக்குவடார் மழைக்காடுகளைச் சேர்ந்தது. பின்னது தென்கிழக்கு ஆசியக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வது. இரண்டும் வெப்பமண்டலச் செடிகள்தாம் என்றாலும், அவை பழகிய வெப்பத்தில் ஈரம் கலந்திருக்கும். நம் ஊரிலோ அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டும் காய்ந்த வெயில். பகலெல்லாம் சூடேறிய பாறைக் குன்றுகளும் மொட்டை மாடிகளும் இரவிலும் அனலை விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே இவற்றை அழகை வைத்து ஒப்பிடுவதைவிட, இரவு வெப்பத்தையும் தண்ணீரிலுள்ள உப்பையும் எது தாங்கும் என்று பார்ப்பதே முறை.

ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விட வேண்டுமானால், ஏறக்குறைய 25 டிகிரிக்குக் கீழான குளிர்ச்சி சில வாரங்களாவது தொடர்ந்து கிடைக்க வேண்டும். 28 டிகிரிக்கு மேல் அது இலை விட்டுக்கொண்டிருக்குமே தவிரப் பூக்க முற்படாது. வேலூரில் வீட்டுக்குள் அந்தக் குளிர்ச்சி பெரும்பாலும் மார்கழி, தை மாத இரவுகளில்தான் கிடைக்கிறது. அப்போது தண்டு விட்டாலும், மொட்டு முற்றிப் பூ விரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகிவிடுவதால், பங்குனி வெயில் தொடங்கும் நேரத்தில்தான் பூவைப் பார்க்க முடிகிறது; குளிர்ந்த ஊர்களில் இரண்டு மூன்று மாதம் நிற்கும் பூ இங்கே விரைவில் வாடுகிறது. சில ஆண்டுகளில் தண்டே வருவதில்லை. ஆந்தூரியத்துக்கு இந்தக் குளிர் தேவையில்லை. நன்கு வேரூன்றிய செடியில் புது இலை ஒவ்வொன்றின் கக்கத்திலிருந்தும் ஒரு பூ வரும் என்பதால், இலை விடும் காலமெல்லாம் அதற்குப் பூக்காலம்தான். நாம் பூ என்று சொல்லும் சிவப்புப் பகுதி உண்மையில் மடல். நடுவில் நீண்டிருக்கும் கதிரில்தான் பூக்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கின்றன. அந்த மடல் ஆறு வாரம் வரை நிறம் கெடாமல் நிற்பதை எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறேன்.

ஆனால் தண்ணீர் விஷயத்தில் ஆந்தூரியம் கண்டிப்பானது. காட்பாடியில் எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். உப்பு மிகுந்த அந்த நீரை ஊற்றிவந்த தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பதை நகத்தால் சுரண்டினால் சுண்ணாம்பு போல உதிரும். அதே உப்பு வேரில் சேரும்போது இலை நுனி முதலில் மஞ்சளாகி, பிறகு காய்ந்து பழுப்பாகிறது. இதை உரக்குறைவு என்று கருதி மேலும் உரம் போடுகிறவர்கள் பலர். உரமும் உப்புதான் என்பதால் செடி இன்னும் நலிகிறது. மழைநீரோ, ஏசியிலிருந்து சொட்டும் நீரோ ஊற்றினால் அடுத்து வரும் இலைகள் பழுதின்றி வரும். ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிந்திருக்கும். அதை இந்தச் செடிகளுக்கு ஊற்றவே கூடாது.

ஃபெலனாப்சிஸுக்கும் மழைநீரோ, ஏசி நீரோதான் நல்லது. அது எப்போது தண்ணீர் கேட்கிறது என்பதை வேரே காட்டிக்கொடுக்கும். காய்ந்த வேர் வெள்ளி பூசியது போல வெளிறியிருக்கும்; நனைத்தவுடன், நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சை நிறம் பரவும். இது தெரியாமல் என் முதல் செடியை நான் இழந்தேன். ஈரப்பாசியை இறுக்கி அடைத்த பிளாஸ்டிக் கோப்பையோடு விற்றார்கள். நானும் அப்படியே வைத்து, மாலை நேரங்களில் மேலிருந்து தண்ணீர் ஊற்றினேன். இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தங்கி, ஒரே வாரத்தில் குருத்து அழுகி, இலைகள் பிடித்து இழுக்கும் முன்பே கையோடு வந்துவிட்டன. இன்று வாங்கினால் பாசியை நீக்கிவிட்டுக் கரித்துண்டும் ஓட்டுச் சில்லும் இட்ட தொட்டிக்கு மாற்றி, காலையில் மட்டும், வேர்ப்பக்கமாகவே நனைப்பேன். ஆந்தூரியத்துக்கு அந்தக் கலவையோடு நன்கு அலசிய தேங்காய் மட்டைத் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். அலசாத மட்டையிலும் உப்பு உண்டு.

என் முடிவு ஆந்தூரியத்தின் பக்கம்தான். கிழக்கு சன்னலோரத்தில், நேர் வெயில் இலையில் படாமல், மின்விசிறிக் காற்றுக்கு நேராக இல்லாமல் வைத்தால் நம் கோடையைக் கடந்துவிடும். ஆர்க்கிட்தான் வேண்டும் என்பவர்கள் டென்ட்ரோபியத்தை வாங்குவது நல்லது. அது வெப்பத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். ஆனால் வெளிச்சம் அதிகம் கேட்பதால், அறைக்குள் வைக்காமல் வராந்தாவில் நிழல் வலைக்குக் கீழே தொங்கவிட வேண்டும். வெளிச்சம் குறைந்த கூடத்துக்கு, வெள்ளை மடல் விடும் பீஸ் லில்லி போதும். தண்ணீர் குறைந்தால் துவண்டு காட்டி, ஊற்றிய சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும்.

தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீடானால் மட்டும் என் முடிவை மாற்றிக்கொள்வேன். ஆந்தூரியமும் பீஸ் லில்லியும் கருணைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிழங்கை அரிந்த கை அரிப்பது போலவே இவற்றின் இலையைக் கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். ஆர்க்கிட்டில் அந்தத் தொல்லை இல்லை.

எதை வாங்கினாலும் ஐப்பசிக்குள் ஒரு மூடி போட்ட டிரம்மைத் தயாராக வைத்திருங்கள். முதல் மழை மாடித் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் என்பதால் அதை விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து பிடித்து வைத்தால், இரண்டு மூன்று தொட்டிகளுக்குப் பல வாரங்கள் அது போதும்.